அடுப்புப் பிரிந்த நாள்



கல்யாணத்தன்றே உம்மா வீட்டை விட்டுப் போகும் பெண்களின் கண்ணீரைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். எங்கள் மருதமுனையில் அந்தக் கண்ணீர் சில வருடம் பிந்தி வரும். கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என்று இந்தக் கரையோரம் முழுவதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். மகள் பிறந்த வீட்டிலேயே குடும்பம் நடத்துகிறாள். அடுத்த தங்கச்சிக்கு மாப்பிள்ளை பேசி முடிந்ததும் யாராவது ஒருவர் வீட்டைக் காலி பண்ண வேண்டும்.

நான் உம்மாவோடு ஆறு வருடம் இருந்தேன். 1996இல் தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமானது. எனக்கென்று வாப்பா கட்டிய வீடு அதே வளவில்தான், கிணற்றுக்கு அந்தப் பக்கம். "இருபது அடி தூரத்துக்கு யாராவது அழுவாங்களா?" என்று என் கணவர் சிரித்தார். அழுதேன். சட்டிபானைகளை ஓலைப்பெட்டியில் அடுக்கும்போது உம்மா வந்து மீன் சட்டியை வெளியே எடுத்து வைத்தார். "மகள், இத விட்டுட்டுப் போங்க. இங்க வந்தா எதுல ஆக்குவீங்க?"

புது வீட்டில் முதல் வாரம் முழுவதும் எனக்குச் சோறு மிஞ்சியது. ஒன்பது பேருக்குச் சுண்டால் அளந்து பழகிய கை. மூன்று பேருக்கு எவ்வளவு அரிசி என்று தெரியவில்லை! இரவில் வாப்பாவின் இருமல் கேட்காமல் தூக்கம் வரவில்லை. அதைவிடப் பெரிய தொல்லை, "என்ன சண்டை?" என்று வேலிக்கு அப்பால் நின்று கேட்டவர்கள். சூரத்துந் நூரின் 61ஆம் வசனம் தகப்பன் வீடு, தாய் வீடு, சகோதரி வீடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, சேர்ந்து சாப்பிட்டாலும் தனியே சாப்பிட்டாலும் குற்றமில்லை என்கிறது. அடுப்புப் பிரிந்தால் பகை என்று நினைப்பவர்கள் அதைக் கொஞ்சம் ஓதிப் பார்க்கட்டும்.

ஆனால் சகோதரிகளே, என் கதை லேசானது. பல வீடுகளில் மகள் போவதில்லை, உம்மாதான் போகிறார். தறிச் சத்தத்தோடு நூல் சுற்றிச் சுற்றி, கல் கல்லாகச் சேர்த்துக் கட்டிய வீட்டை மூத்தவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மற்றப் பிள்ளைகளோடு பூச்சு முடியாத வீட்டுக்குப் போகிறார். அதையும் அடுத்தவளுக்குக் கொடுத்துவிட்டு இன்னொன்றுக்கு. "உம்மா, இந்த வீட்டை விட்டுப் போக உங்களுக்கு மனமா?" என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நாங்கள் இரண்டு மகள்கள்தான் என்பதால் என் உம்மா தப்பினார்.

ஆண்களுக்கும் இந்த வழக்கத்தில் சுமை உண்டு. தங்கச்சிமாருக்கு வீடு கட்ட வெளிநாடு போய் இளமையைத் தொலைத்த காக்காமார் எத்தனை பேர்! அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனாலும் வீட்டின் உறுதி பெண்ணின் பெயரில் இருப்பதை லேசாக நினைக்காதீர்கள். சுனாமிக்குப் பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. 2004 டிசம்பர் 26இல் கடலோர வளவுகள் வளவுகளாகவே போயின. கடலிலிருந்து 65 மீட்டருக்குள் இருந்தவர்கள் பழைய இடத்தில் மீண்டும் கட்ட முடியாமல் வீட்டுத் திட்டங்களுக்காகக் காத்திருந்தார்கள். ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளிய ராத்தா ஒரு பக்கம், தங்கச்சி ஒரு பக்கம் ஆனார்கள். புது வீட்டுப் பத்திரங்களில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு இடம் இருந்தது. உம்மம்மாவிடமிருந்து உம்மாவுக்கும், உம்மாவிடமிருந்து மகளுக்கும் வந்த வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த வீடு, கிழக்கில் பல இடங்களில் கணவர் பெயரில் பதிவானது. அன்றைக்கு உயிர் பிழைத்ததே பெரிது என்றிருந்தவர்கள் பெயரைப் பற்றிக் கேட்கவில்லை. உங்கள் வீட்டு உறுதியை அலுமாரியிலிருந்து எடுத்து, யார் பெயர் இருக்கிறதென்று ஒரு தடவை பாருங்கள். கோபத்தோடு அல்ல, பிள்ளைகளின் வாப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பாருங்கள்.

என் வாப்பாவும் உம்மாவும் இப்போது இல்லை. அந்த மீன் சட்டியும் எப்போதோ உடைந்துவிட்டது. தங்கச்சிக்கும் இரண்டு பெண்கள். மூத்தவளுக்குப் போன மாதம் மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். கிணற்றடியில் மணலும் கல்லும் பறித்துக் கிடக்கிறது. "ராத்தா, நான் போறதா, அவ போறதா?" என்று நேற்று வந்து கேட்டாள். இருவரும் வெகுநேரம் அந்த மணல் குவியலைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தோம்.