ஒரு விவரத்துக்கு ஒரே இருப்பிடம்

சாலவாக்கத்து விவசாயி ஒருவர் ஏதோவொரு சேவைத் தளத்தைக் கைபேசியில் திறந்து தம் முகவரியைத் திருத்திய பின்னும், விண்ணப்பப் பகுதியில் புதிய முகவரியும் ரசீதுப் பகுதியில் பழைய முகவரியுமாக ஒரே திரையில் தோன்றுமானால், தம் விரல்தான் பிழை செய்ததோ என்று அஞ்சி அவர் மறுபடி மறுபடி பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பார். பிழை அவருடையதன்று, அத்திரையை நிர்மாணித்தவர்களுடையது.

இன்றைய வலைப்பக்கம் காம்போனென்ட் எனப்படும் சிறு பகுதிகளைக் கோத்து அமைக்கப்படுவது. ஒவ்வொரு பகுதியும் ஒரே விவரத்துக்குத் தனித்தனிப் பிரதி வைத்துக்கொண்டு, அதைத் தன் இஷ்டப்படி திருத்திக்கொள்ளவும் செய்தால், பரஸ்பர முரண்பாடு தவிர்க்க இயலாதது. ஃபேஸ்புக்கிலேயே, படிக்காத செய்தி ஏதும் இல்லாதபோதும் இருப்பதாக எண்ணிக்கை காட்டும் பிழை, திருத்தத் திருத்தத் திரும்பி வந்தது. 2014இல், இத்தகைய முரண்பாட்டைத் தவிர்க்கும் ஃப்ளக்ஸ் என்னும் முறையை அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் விளக்கியபோது அதையே உதாரணமாகக் காட்டினார்கள். 2015இல் டான் அப்ரமோவும் ஆண்ட்ரூ கிளார்க்கும் உருவாக்கிய ரிடக்ஸ் அம்முறையை மேலும் கண்டிப்பாக்கிற்று. பொதுவான விவரங்கள் யாவும் ஓரிடத்தில் இருக்கவேண்டும். திரையின் பகுதிகள் அவற்றைப் படிக்கலாமேயன்றி நேரே திருத்தலாகாது. மாற்றம் வேண்டுவது எதுவாயினும் நிகழ்ந்ததை அறிவிக்க, விதிப்படி புதிய நிலை பிறக்கவேண்டும்.

இந்த ஒழுங்கு நம் பிரதேசத்துக்குப் புதியதன்று என்பது என் திடமான அபிப்பிராயம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், சோழ மன்னன் முதலாம் பராந்தகனது 12ஆம் ஆட்சியாண்டாகிய 919இல், ஊர்க் காரியங்களைக் கவனிக்கும் வாரியங்களுக்கு ஆட்களைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சபையார் பொறித்தனர்; 921இல் அவற்றைத் திருத்த நேர்ந்தபோது, முந்தையதைச் செதுக்கி அழிக்காமல், அரச அதிகாரி உடனிருக்கக் கூடிச் செய்த புதிய தீர்மானத்தை ஆட்சியாண்டோடு பொறித்தனர். எது, எப்போது, எவர் முன்னிலையில் மாறிற்று என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் படிக்க முடிவது அதனால்தான். மாற்றங்களை வரிசையாகப் பதிந்துவைக்கும் நிரலாளருக்கும், பிழை புகுந்த கணத்தைத் தேடிப் பிடிக்க அதே வசதி கிடைக்கிறது.

ஆயினும் அத்தனையையும் பொது இருப்பில் கொண்டுபோய்க் குவிப்பதும் அவிவேகமே. ஒரு பட்டியல் விரிந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்பது அப்பகுதியின் சொந்த விஷயம். உத்திரமேரூர் ஏரி வாரியத்தின் அன்றாடக் காரியம் ஒவ்வொன்றையும் மகாசபை சுமக்கவேண்டியதில்லை. தவிரவும், திரையில் இருப்பது எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் பிரதிதான். மூலப் பிரமாணம் சர்வரில் உள்ள பதிவேடே.

நம் கல்லூரிகளிலோ, திரைப் பகுதிகளை அமைக்க உதவும் ரியாக்ட், மேலே சொன்ன ரிடக்ஸ் என்று கருவிகளின் பெயர்களே பாடமாகின்றன. கருவியைத் தொடுவதற்கு முன், இந்தத் திரையில் எந்தெந்த விவரம் பலருக்குப் பொது, அது எங்கே இருக்கும், அதை மாற்றும் அதிகாரம் எதற்கு உண்டு என்று ஒரு தாளில் எழுதித் தரும்படி மாணவர்களைக் கேட்கவேண்டும். அத்தாளுக்கும் மதிப்பெண் இருக்கவேண்டும்.