ஆம்புலன்ஸ் வரும்வரை யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆவடி மாநகரக் காவல் ஆணையர் அவர்களுக்கு,

2022 ஜனவரி 1 அன்று ஆவடிக்கென்று தனி ஆணையரகம் செயல்படத் தொடங்கியபோது, கூப்பிட்டால் போலீஸ் சீக்கிரம் வரும் என்றுதான் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மக்கள் முதலில் எதிர்பார்த்தோம். பல நேரங்களில் வரவும் செய்கிறார்கள். சி.டி.எச். சாலையில் ஒரு விபத்து என்றால் 108க்கு முன்பே ரோந்து வண்டி வந்து நிற்பதுண்டு. வந்த காவலர் கூட்டத்தை விலக்குகிறார், போக்குவரத்தைத் திருப்பிவிடுகிறார், வண்டி எண்ணைக் குறிக்கிறார், மைக்கில் தகவல் சொல்கிறார். கீழே கிடப்பவருக்கு மூச்சு இருக்கிறதா, தொடையிலிருந்து பீறிடும் ரத்தத்தை யாராவது அழுத்திப் பிடித்திருக்கிறார்களா என்று பார்ப்பது மட்டும் ஆம்புலன்ஸ்காரர்களின் வேலை என்று பெரும்பாலும் விடப்படுகிறது.

அது காவலரின் வேலையும்தான் என்று சொல்லவே இந்த மடல்.

1989 ஆகஸ்ட் 28 அன்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை மருத்துவர்களுக்கான தீர்ப்பாகவே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அடிபட்ட ஸ்கூட்டர்காரரை ஒரு மருத்துவமனை சேர்க்க மறுத்து, மருத்துவ-சட்ட வழக்குகளைப் பார்க்கும் இன்னொரு மருத்துவமனைக்குப் போகச் சொன்னது. அது இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. போகும் வழியில் அவர் இறந்தார். போலீஸ் நடைமுறைகளைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பில், உயிரைக் காப்பாற்றுவது மருத்துவருக்கு மட்டுமல்ல, சம்பந்தப்பட்ட போலீஸுக்கும் முதல் கடமை என்றும் இருக்கிறது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வரி சாலையில் நிற்கும் காவலரிடம் வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை. உதவ வரும் பொதுமக்களைப் போலீஸ் அலைக்கழிக்கக் கூடாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019இல் அது மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாகவும் ஆனது. போலீஸே கையைக் கொடுத்து உதவ வேண்டும் என்பதைப் பற்றித்தான் பேச்சு இல்லை.

நேரத்தைக் கணக்குப் பார்த்தால் இதன் அவசரம் விளங்கும். இதயம் நின்றுபோனால் நான்கைந்து நிமிடங்களில் மூளை சேதமாகத் தொடங்கிவிடும். பெரிய ரத்தக்குழாய் அறுந்தாலும் நிமிடக் கணக்குதான். சாயங்காலம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் விடும் நேரத்தில் டன்லப்பிலிருந்து பாடி வரை சாலை எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அடிபட்டவரை அதற்குள் நுழைந்து எடுத்து, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக எவ்வளவு திறமையான 108 ஓட்டுநருக்கும் நேரம் பிடிக்கும். வெளிவட்டச் சாலையில் நெரிசல் இல்லை, ஆனால் தூரம் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. நல்ல திட்டம். ஆனால் மருத்துவமனை வாசலை உயிரோடு எட்டியவருக்குத்தான் அது பயன்படும்.

2010 ஜனவரியில் ஆழ்வார்குறிச்சி உதவி ஆய்வாளர் வெற்றிவேல் வெட்டுப்பட்டு நடுச்சாலையில் கிடந்ததை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். அமைச்சர்களின் வாகன வரிசையே அங்கே வந்து நின்றது. அதிகாரிகள் இருந்தார்கள், வண்டிகள் இருந்தன. உதவி கேட்டுக் கையை அசைத்த அந்த மனிதரைத் தொட்டுத் தூக்க உடனே ஆள் வரவில்லை. ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்தார்கள். அவர் பிழைக்கவில்லை. உங்கள் துறை தன் சொந்த மனிதரையே அப்படி இழந்திருக்கிறது. அங்கே நின்றவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் என்று நான் நினைக்கவில்லை. தொடலாமா, தூக்கலாமா, தூக்கினால் யார் கேட்பார்கள் என்று தெரியாமல் நின்றிருப்பார்கள். 2021 நவம்பர் மழையில் டி.பி. சத்திரம் ஆய்வாளர் ராஜேஸ்வரி, கல்லறைத் தோட்டத்தில் மயங்கிக் கிடந்த இளைஞரைத் தோளில் சுமந்து ஆட்டோவில் ஏற்றினார். ஊரே பாராட்டியது, முதல்வர் நேரில் அழைத்துப் பாராட்டினார். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஒரு காவலரின் அன்றாடக் கடமை இப்படிச் செய்தியாகிற அளவுக்கு அரிதாக இருக்கக் கூடாது.

லாக்கப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டு இந்த மடலை எழுதினால் பாதி உண்மையைத்தான் எழுதியதாகும். காவலில் இருப்பவரின் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் அவரைக் காவலில் வைத்திருப்பவரே பொறுப்பு என்கிறது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 56ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் 55ஏ பிரிவும் இதையே சொன்னது. அந்த 55ஏ இருந்தபோதுதான் 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் மரணங்கள் நடந்தன. காவல் நிலையத்தில் அடிக்கப்பட்ட தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் ரத்தம் கசியக் கசிய அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். உடல் தகுதியாக இருக்கிறது என்ற சான்றோடு கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். சிகிச்சைக்காகப் போக வேண்டிய இடத்துக்கு ரிமாண்டுக்கான காகிதத்துக்காகப் போனார்கள்.

அடித்தவர் குற்றவாளி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பக்கத்தில் நின்றவர்? அமெரிக்காவின் மினியாபொலிஸில் 2020 மே மாதம் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தை ஒரு காவலர் முழங்காலால் அழுத்தியபோது உடனிருந்த மூன்று காவலர்களை, 2022 பிப்ரவரியில் மத்திய நீதிமன்ற ஜூரி குற்றவாளிகள் என்று அறிவித்தது. மருத்துவ உதவி தேவை என்று கண்ணெதிரே தெரிந்தும் கொடுக்கவில்லை என்பது மூவர் மீதும் நிரூபணமான குற்றம். அவர்களில் ஒருவர் வேலைக்குச் சேர்ந்து சில நாள்களே ஆனவர். ஃப்ளாய்டை ஒருக்களித்துப் படுக்கவைக்கலாமா என்று சீனியரைக் கேட்டார். வேண்டாம் என்றதும் விட்டுவிட்டார். கேட்டது மட்டும் போதாது என்று ஜூரி முடிவு செய்தது. நம் நிலையங்களில் ஒரு கிரேடு-2 காவலர் ‘ஐயா, இவருக்கு நெஞ்சு வலிக்குதாம், ஜி.ஹெச். கூட்டிட்டுப் போகலாம்’ என்று சொன்னால், ‘நடிக்கிறான்யா’ என்று ஆய்வாளர் பதில் சொன்னால், அந்தக் காவலர் அடுத்து என்ன செய்ய முடியும்? அவருக்குப் பக்கபலமாக உங்கள் கையெழுத்தோடு ஓர் உத்தரவு வேண்டும்.

அதனால் கேட்கிறேன். சாலையில் அடிபட்டுக் கிடப்பவர் எந்த ஸ்டேஷன் லிமிட்டில் இருந்தாலும், முதலில் வந்த காவலர் மூச்சையும் ரத்தத்தையும் கவனித்த பிறகே மற்ற வேலைகளுக்குப் போக வேண்டும் என்று எழுத்தில் உத்தரவிடுங்கள். நெஞ்சை அழுத்தி உயிர்மூச்சு தரவும், ரத்தப்போக்கை நிறுத்தவும் ஒவ்வொரு காவலருக்கும் ஆண்டுதோறும் பயிற்சி கொடுங்கள். ஆவடியிலேயே சிறப்புக் காவல்படை முகாம் இருக்கிறது, கீழ்ப்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, இடத்துக்கும் சொல்லித்தர ஆளுக்கும் குறையில்லை. ரோந்து வண்டியில் பஞ்சும் டெட்டாலும் மட்டும் வைத்தால் போதாது, ரத்தத்தைக் கட்டுப்படுத்தும் அழுத்தக்கட்டுகளும் இருக்க வேண்டும். காவலில் இருப்பவர் வலி என்று சொன்ன நேரம், மருத்துவமனைக்குக் கிளம்பிய நேரம் இரண்டையும் பொது நாட்குறிப்பில் பதியச் செய்யுங்கள். அதிகாரி மறுத்தாலும் ஒரு காவலர் 108ஐ அழைக்கலாம், அழைத்ததற்காக அவர்மேல் நடவடிக்கை வராது என்ற உறுதியும் அந்த உத்தரவில் இருக்கட்டும். அதன் நகல் ஒவ்வொரு நிலையத்திலும், மனு கொடுக்க வருகிறவர்கள் கண்ணில் படும்படி தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் ஆணையரக எல்லைக்குள் குடியிருக்கும்
அம்பத்தூர்வாசி ஒருவர்