கிணற்று நீரும் கட்டுரை உரிமையும்

பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைப் பற்றி அறிவியல் ஆய்விதழ்களில் கட்டுரைகள் பல வெளிவந்துள்ளன. குரோமியம் எவ்வளவு, கரைந்த உப்புகள் எவ்வளவு என்பன அவற்றின் அட்டவணைகளில் உண்டு. அவற்றுட் பல, பணம் செலுத்தினாலன்றித் திறவாத இதழ்களில் இருக்கின்றன. பேரணாம்பட்டிலோ ஆம்பூரிலோ தம் கிணற்றிலிருந்து ஆய்வாளருக்கு நீர் மொண்டு கொடுத்தவர், அந்நீரின் தன்மையை அறிய டாலரில் விலை கொடுக்க வேண்டும். இதை இயல்பென ஏற்றுக்கொண்ட ஆய்வாளர்களோடுதான் எனக்கு வழக்கு.

"பதிப்பகத்தார் படிவத்தை நீட்டினர், கையொப்பமிட்டோம்" என்பது அவர்கள் கூறும் விடை. கட்டுரையில் முதற்பெயர் யாருடையது என்பதற்காகப் பூசலிடுவோர், உரிமையையே எழுதிக்கொடுக்கும் அப்படிவத்தைப் படிப்பதில்லை என்பது வியப்புக்குரியது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, சில விலக்குகள் நீங்கலாக, படைப்பின் முதல் உரிமையாளர் ஆசிரியரே. எழுத்து வழியாக அவரோ அவர் சார்பில் உரியவரோ வழங்காமல் அவ்வுரிமை கைமாறாது. கைமாறிய பின்னரும், படைப்புக்குத் தாமே ஆசிரியர் எனக் கோரும் தனியுரிமை அவரிடமே தங்குகிறது. ஆகவே பறித்தவர் எவருமில்லை, கொடுத்தவர் நாமே.

திறந்த அணுக்கத்திற்கு இதழ்கள் கேட்கும் கட்டணம் பெரிது என்பர். உண்மைதான். ஆனால் ஏற்கப்பட்ட இறுதிக் கைப்படியைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்கக் கட்டணமில்லை. பெரிய பதிப்பகங்கள் பலவும், சில மாத இடைவெளி விட்டேனும், இதை அனுமதிக்கின்றன. நடுவண் அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் தம் நல்கை பெறுவோர் அவ்வாறு வைக்கவேண்டுமென 2014 டிசம்பரிலேயே கொள்கை வகுத்துவிட்டன.

2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புக்கொண்ட 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தை இங்கே சிலர் சான்றாகக் காட்டக்கூடும். மூன்றாண்டுகளுக்கு ரூ.6,000 கோடி, ஏறத்தாழ 13,000 இதழ்கள். ஆயின் அது அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கானது. கிணற்றுக்காரர் அதன் வாசலுக்கு வெளியே நிற்கிறார்.

"பாமரருக்கு அட்டவணை விளங்குமா?" என்ற வினா அறிவின் பெயரால் எழும் ஆணவம். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை எடுத்துக்கொள்வோம். தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்னும் செய்தி அத்தீர்ப்பில் இடம்பெற்றது. அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் நடத்திய முதற்கட்ட அளவாய்வின் முடிவு. வழக்காடிய குடிமக்களுக்கு அந்த எண் கிட்டியது; விளங்கவும் செய்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென அத்தீர்ப்பு அறிவித்தது. அவ்வெண் கட்டணப் பூட்டுக்குள் கிடந்திருந்தால் யாருக்குப் பயன்பட்டிருக்கும்?

இலக்கிய வாசகர்களுக்கு இது புதிய நியாயமன்று. பாரதி படைப்புகளின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றதும், பின்னர் அவை பொதுவுடைமையானதும் நாம் பெருமையோடு சொல்வன. கவிதைக்கு நாம் கோரிய நீதியை, மக்களின் வரிப்பணத்தில் விளைந்த அறிவியற் கட்டுரைக்குக் கோரத் தயங்குவானேன்?

ஆய்வாளரின் கடமை உண்மையான அளவீட்டோடு முடிவதில்லை. உரிமைப் படிவத்தைப் படித்து ஒப்பமிடுக. கைப்படியைக் களஞ்சியத்தில் வைத்திடுக. பிழை தெரியவந்தால் வெளிப்படையாகத் திருத்துக. முடிவுகளைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி, நீர் எடுத்த ஊரின் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ அனுப்புக. தோல் தொழிலால் பிழைப்பவரும் அதே நீரைக் குடிப்பவர்தாம். வதந்தியைவிட அளவீடு அவருக்கும் நல்லது. இவற்றைச் செய்ய மறுப்பவர், அடுத்த முறை புட்டியோடு அக்கிணற்றடிக்கு வரும்போது, அதன் உரிமையாளரும் ஒரு படிவத்தை நீட்டட்டும்.