சம்பந்தி எந்தக் கட்சி?
அமெரிக்காவின் இரு பெருங்கட்சிகளுக்கிடையே வாக்காளர் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு வேறுபாடு இல்லையென்று அந்நாட்டு அரசியல் அறிவியல் சங்கத்தின் குழுவொன்று 1950-இல் அறிக்கை எழுதிக் குறைபட்டுக்கொண்டது என்றால் இன்று எவரும் நம்பத் தயங்குவர். கொள்கையை விட்டுவிட்டு மாற்றுக் கட்சிக்காரரையே வெறுக்கும் போக்கை, அதாவது ஆய்வாளர் 'உணர்வுவழிப் பிளவு' எனச் சுட்டுவதை, அளப்பதற்குக் கருத்துக்கணிப்பாளர் கைக்கொண்ட கேள்வியோ நம்மவர் நன்கறிந்த சம்பந்தப் பேச்சுதான்: பெற்ற பிள்ளை மாற்றுக் கட்சியில் மணம் முடித்தால் மனம் வருந்துமா? 1960-இல் வருந்துவோம் என்றவர் இரு தரப்பிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேரே. 2010-இலோ குடியரசுக் கட்சியினரில் பாதிப்பேரும் ஜனநாயகக் கட்சியினரில் மூவரில் ஒருவரும் அவ்வாறு கூறினர். கறுப்பர்–வெள்ளையர் திருமணத்துக்கு இருந்த எதிர்ப்பு பெருமளவு கரைந்ததும், வியப்பாக, இதே அரை நூற்றாண்டில்தான்.