ஸ்ரைக் செய்பவர் வீட்டு அடுப்பு யார் காசில் எரிகிறது?

லாச்சப்பல் தேத்தண்ணிக் கடைக் கதையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மெற்றோ நின்றால் போதும், யாராவது ஒருவர் தொடங்கிவிடுவார்: "எங்கட வரிக்காசில சாப்பிட்டுக்கொண்டு ஸ்ரைக் செய்யிறாங்கள்!"

2019 டிசம்பரில் அதைச் சொன்னது நான்தான். ஓய்வூதியச் சீர்திருத்தத்துக்கு எதிராக 5ஆம் திகதி தொடங்கிய வேலைநிறுத்தம் அது. சாரதி இல்லாமல் ஓடும் 1ஆம், 14ஆம் இலக்க மெற்றோக்கள்தான் ஒழுங்காக ஓடின. லாச்சப்பலில் இருந்து ஷாத்லே வரை நடந்துபோய் மெற்றோ எடுத்த எனக்குக் காலும் நோ, கோபமும் கூட. பக்கத்து மேசையில் இருந்த எங்கட ஊர் அண்ணா பஸ் சாரதி என்பதை மறந்துபோனேன்.

அவர் கோபிக்கவில்லை. "தம்பி, மாத முடிவில வீட்டை வாரும், என்ர சம்பளத்துண்டைக் காட்டுறன்" என்றார்.

போனேன். வேலைக்குப் போகாத ஒவ்வொரு நாளுக்கும் கழிவு. மிச்சமாக நின்ற தொகை வாடகைக்கே காணாது. அண்ணியின் கையில் காப்பு இல்லை. நான் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை.

சந்தேகம் வந்தால் விதியைத் தேடிப் படிப்பது என் தொழில் பழக்கம். பிரான்சில் வேலைநிறுத்தம் அரசியலமைப்பு தந்த உரிமை. ஆனால் அந்த நாட்களுக்குச் சம்பளம் இல்லை. வேலையற்றோர் கொடுப்பனவும் இல்லை. ஏனென்றால் அவர் வேலையை இழக்கவில்லை, ஒப்பந்தம் இடையில் நிற்கிறது, அவ்வளவுதான். அரசின் நேரடி ஊழியர் ஒரு மணி நேரம் ஸ்ரைக் செய்தாலும் மாதச் சம்பளத்தில் முப்பதில் ஒரு பங்கு போய்விடும்.

அப்போ பிள்ளைகளுக்கு காஃப் தரும் குடும்பக் கொடுப்பனவு? அது இரண்டு வருடத்துக்கு முந்திய வருமானத்தைப் பார்த்துக் கணக்கிடுவது. ஸ்ரைக்கால் கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. கடைசி மூன்று மாத வருமானத்தைப் பார்க்கும் சில உதவிகளில் மாற்றம் வரலாம். நகரசபையும் கஷ்டப்படும் குடும்பத்துக்கு உதவலாம். ஆனால் தேவையைப் பார்த்துத்தான் கொடுக்கலாம், தொழிற்பிணக்கில் ஒரு பக்கம் சாய்ந்து கொடுக்கக்கூடாது. மற்றபடி சங்க நிதியும், சனம் உண்டியலில் போட்ட காசும்தான்.

லண்டனில் இருக்கும் வாசகர்களுக்கு வேறு கதை தெரிந்திருக்கும். 1980இல் தட்சர் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஸ்ரைக் செய்பவருக்குச் சங்கம் காசு கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டு, குடும்பத்துக்கான அரச உதவியில் வாரம் 12 பவுண் கழித்தார்கள். பிறகு அந்தத் தொகை இன்னும் கூடியது. 1984-85 சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தில் சங்கம் அப்படி ஒரு காசும் கொடுக்கவில்லை. ஆனாலும் கழிவு நடந்தது. பொதுச் சமையலறைகளில்தான் பல வீட்டுப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அரசுக்குக் காசு மிச்சம்தான், ஆனால் அது பிள்ளைகளின் கோப்பையில் இருந்து எடுத்த காசு.

எங்கட நாட்டிலும் அதே 1980 யூலையில் பொது வேலைநிறுத்தம் நடந்தது. ஜே.ஆர். அரசு சுமார் 40,000 பேரை வேலையால் நிறுத்தியது. அந்த நாட்களில் வேலை போன வீடுகளுக்கு அம்மம்மா பின்வாசலால் அரிசி கொடுத்துவிட்டதை அம்மா இப்பவும் சொல்லுவா. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நான்தான் தேத்தண்ணிக் கடையில் அப்படிக் கதைத்தேன்.

ஸ்ரைக்கால் பொதுச் சனத்துக்கு நட்டம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்த டிசம்பரில் லாச்சப்பல் கடைக்காரர் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஓய்வூதிய விஷயத்தில் அண்ணாவோடு எனக்கு இன்றைக்கும் முழு உடன்பாடு இல்லை. அதை அவரோடு வாதாடலாம். ஆனால் அவருடைய பிள்ளைகளின் சாப்பாட்டை வைத்து வாதாடக்கூடாது.

அடுத்த முறை மெற்றோ நின்றபோதும் திட்டிக்கொண்டுதான் நடந்தேன். வழியில் உண்டியல் ஒன்று குலுங்கியது. 20 யூரோ போட்டுவிட்டு, மிச்சத் தூரத்தையும் திட்டிக்கொண்டே நடந்தேன்.