சிகிச்சையில் தவறா? கடலூர், சிதம்பரம்காரர்கள் எங்கே போகலாம்?

2023-ல் காய்ச்சலுக்காக கடலூர் அரசு மருத்துவமனைக்குப் போன சிறுமிக்கு நாய்க்கடி ஊசி போடப்பட்டது. செவிலியர் சஸ்பெண்ட் ஆனார். சரி, இழப்பீடு வேண்டுமென்றால்?

கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால், கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். சிகிச்சைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால், மனுவுக்குக் கட்டணமே இல்லை. சிதம்பரம்காரர் சென்னையில் சிகிச்சை பெற்றிருந்தாலும், 2019 சட்டப்படி இங்கேயே தாக்கல் செய்யலாம்.

எல்லோருக்கும் இலவசம் என்றால், 1995 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி நுகர்வோர் சட்டம் பொருந்தாது. சிவில் வழக்கோ உயர் நீதிமன்ற ரிட் மனுவோதான் வழி.

முதல் வேலை, சிகிச்சை ஆவணங்களை எழுதிக் கேளுங்க. 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது விதி. ‘குணமாகலை’ என்பது மட்டும் போதாது. அலட்சியத்தை நிரூபிக்க அந்தக் காகிதங்கள்தான் பேசும்.