அட்டை வேண்டாம் என்ற ஊர்

ஆசிரியருக்கு,

பிரிட்டனில் அடையாள அட்டை பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தச் சண்டை பழையது. 1939-இல் போருக்காகக் கொடுத்த அட்டையைப் போர் முடிந்த பிறகும் போலீஸ் கேட்டுக்கொண்டே இருந்தது. 1950 டிசம்பரில் லண்டனின் ஃபின்ச்லி பகுதியில் கிளாரன்ஸ் வில்காக் என்பவரின் காரை ஒரு கான்ஸ்டபிள் நிறுத்தி அட்டையைக் கேட்டார். மனிதர் காட்ட முடியாது என்றுவிட்டார். வழக்கில் தோற்றார், ஆனால் தண்டனை இல்லை. அட்டை கேட்டுத் தொல்லை செய்வதை நீதிபதி காடர்ட் பிரபு கண்டித்தார். 1952 பிப்ரவரியில் அட்டையே ஒழிந்தது.

லேபர் அரசு 2006-இல் மறுபடி சட்டம் போட்டது. 30 பவுண்டு கட்டி வாங்கியவர்களுக்கு, 2010-இல் ஆட்சி மாறி அட்டை செல்லாமல் போனபோது, காசு திரும்பவில்லை. (வாங்காதவர்கள் சிரித்திருப்பார்கள்.) 2011 பிப்ரவரியில் எசெக்ஸில், அட்டை வாங்கியவர்களின் விவரங்கள் இருந்த பதிவேட்டின் ஹார்ட் டிஸ்குகளை அமைச்சர் டேமியன் கிரீன் தாமே அரவை இயந்திரத்தில் போட்டார். பயம் அட்டையைவிட அந்தப் பதிவேட்டின் மீதுதான்.

2025 செப்டம்பரில் பிரதமர் ஸ்டார்மர் டிஜிட்டல் அடையாளத்தை அறிவித்தார். சில நாட்களிலேயே எதிர்ப்பு மனுவில் 20 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து. உங்கள் கட்டுரையில் வில்காக் பெயரே இல்லாதது குறைதான்.

— ஒரு வாசகர்